செதிலும் செம்மண்ணும் – 6: பாறசாலைக்கு வந்தால் பிழைக்குமா?

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில் வாழ்வதாகக் கற்பனை செய்யப்பட்ட ஆர்மடில்லோ இனம் ஒன்றுக்கு உறுப்பு உறுப்பாக உடலமைத்துப் பார்ப்பதும், அதற்கு அளவுகோலாக அதே மண்ணின் உண்மையான கவச விலங்காகிய அழுங்கை வைத்திருப்பதும் இத்தொடரைப் படித்து வருவோருக்குத் தெரியும். புதிதாக வந்தவர்கள் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளலாம். இவ்வாரம் விலங்கின் வளையைப் பற்றி எழுதுவதாகச் சென்ற இதழில் அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் வளைக்கு முன்னால் நிலம் இருக்கிறது.

கிழக்கே அகத்தியமலைத் தொடரும் மேற்கே பூவாறு கடற்கரையும் எல்லையாகக் கொண்ட இப்பகுதி, கேரளப் புவியியலார் இடநாடு என்று குறிக்கும் வகையைச் சேர்ந்தது. மலையும் ஆகாமல் கடற்கரையும் ஆகாமல், குன்றும் பள்ளமுமாக ஏறி இறங்கிக் கிடக்கும் நடுநிலம் என்பது அதன் பொருள். சரிவுகளில் ரப்பரும் மரச்சீனியும் நிற்க, ஒரு காலத்தில் நெல் விளைந்த ஏலா எனப்படும் வயல்களில் இன்று வாழை பரவியிருக்கிறது. அடியில் இருப்பது கோண்டலைட், அதாவது மிகப் பழங்காலத்துக் களிமண் படிவுகள் பூமியின் ஆழத்து வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிப் பிறந்த பாறை. இடவப்பாதி, துலாவர்ஷம் என ஆண்டுக்கு இருமுறை வரும் மழை அப்பாறையிலிருந்து சிலிக்காவையும் சுண்ணாம்பு முதலான கரையும் பொருள்களையும் கழுவிக்கொண்டுபோக, கரையாத இரும்பும் அலுமினியமும் ஆக்சைடுகளாகப் பின்தங்கிச் சிவந்த கல்லாகின்றன. அறிவியலில் லேட்டரைட் எனப்படும் இக்கல்லே ஊர்ப்பேச்சில் வெட்டுக்கல். 1800-ல் மலபாரில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் இதை அங்காடிப்புரத்தில் கண்டு, 1807-ல் வெளிவந்த நூலில் அப்பெயரிட்டு வருணித்தார். மண்ணுக்குள் இருக்கும்வரை கருவியால் எளிதில் சீவலாம் என்பதும், வெளியே எடுத்துக் காற்றும் வெயிலும் பட்டபின் இறுகிவிடும் என்பதும் அவரை வியக்கவைத்த செய்திகள்.

வெட்டுக்கல் எடுக்கும் குழி ஒன்றின் செங்குத்தான சுவரை அருகில் நின்று பார்த்தால், மேலே சரளை கலந்து இறுகிய ஓடும், அதன்கீழ் விரல் நுழையும் துளைகளும் அத்துளைகளில் அடைந்த மஞ்சள் களிமண்ணும், அதற்கும் கீழே நகத்தால் கீறினால் உதிரும் வெளிர்நிறக் களியும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். தோண்டி வாழும் விலங்கு இங்கே முதல் சில அடிகளைக் கடக்கத் திணறினாலும், கடந்துவிட்டால் கூரை இறுகியும் தரை இளகியும் உள்ள வீடு அதற்குக் கிடைக்கிறது. அந்த ஆழத்துக் களியை மேலே கொண்டுவந்து புற்றெழுப்பும் சிதல்தான் அதன் உணவும்கூட.

இந்நிலத்தின் உண்மையான குடியாகிய அழுங்கு, மலையாளத்தில் ஈனாம்பேச்சி, ஆர்மடில்லோவுக்கு உறவில்லாதது என்பதை ஒருமுறை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. பள்ளிப் பாடப்படங்களில் இரண்டையும் அடுத்தடுத்து அச்சிட்டு வளர்த்த குழப்பம் எளிதில் தீர்வதில்லை. ஆர்மடில்லோ அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. அதன் கவசம் தோலுக்குள் விளையும் எலும்புத் தகடுகளாலும் அவற்றை மூடிய கொம்புப்பொருளாலும் ஆனது. அழுங்கின் செதில்களோ நகமும் முடியும் ஆன கெராட்டின் என்னும் புரதத்தால் மட்டுமே ஆனவை. ஓட்டுக்கூரையின் ஓடுகள் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. மரபணு ஆய்வுகளின்படி அழுங்குக்கு நெருங்கிய உறவினர் நாயும் பூனையும் அடங்கிய ஊனுண்ணிகள். இரு வேறு கண்டங்களில் இரு வேறு குலங்கள் ஒரே வகை உணவையும் ஒரே வகைத் தற்காப்பையும் நாடி ஒத்த வடிவை எட்டுவதை உயிரியலார் குவிபரிணாமம் என்பர். கற்பனை இனம் ஒன்றுக்கு உடலமைக்கத் துணிவதற்கு இக்கருத்தே ஆதாரம்.

வாயில் தொடங்கினால், கற்பனை விலங்கு முதல் தேர்விலேயே தடுமாறுகிறது. ஆர்மடில்லோவுக்கு முளை போன்ற எளிய பற்கள் உண்டு. ஆகவே அது எறும்பு, சிதலோடு வண்டு, புழு, பழம் எனக் கண்டதையும் தின்னும். அழுங்குக்குப் பல்லே கிடையாது. வாய்த்தரையில் முடியாமல் மார்புக்கூட்டுக்குள் நெடுந்தூரம் சென்று வேர்கொண்டிருக்கும் நாக்கைப் புற்றின் துளைகளில் விட்டு எடுத்து, ஒட்டிவந்த சிதலை அப்படியே விழுங்கி, உணவோடு போன சிறு கற்களின் துணையால் இரைப்பையில் அரைத்துக்கொள்கிறது. சிதல் நிறைந்த இம்மண்ணில் பல் ஓர் ஆடம்பரம். அதைச் சுமந்துவரும் விலங்கு, அதை இழந்து தேர்ந்த விலங்கோடு போட்டியிட வேண்டியிருக்கும். பல்லில் தடுமாறினாலும், ஆற்றைப் பொறுத்தவரை கற்பனை விலங்குக்குக் கவலையில்லை: ஒன்பது பட்டை ஆர்மடில்லோ மூச்சடக்கி ஆற்றடித் தரையில் நடந்தும், குடலில் காற்றை நிரப்பி மிதந்தும் நீர்நிலையைக் கடப்பது பதிவாகியிருக்கிறது, நெய்யாறு அதற்கு ஒரு தடையாகாது.

அடுத்தது உடற்சூடு. எறும்பும் சிதலும் தின்று வாழும் பாலூட்டிகள், உணவில் கிடைக்கும் ஆற்றல் குறைவாதலால், உடலின் அடுப்பைத் தணித்தே வைத்திருக்கின்றன. ஒன்பது பட்டை ஆர்மடில்லோவின் வெப்பநிலை ஏறத்தாழ 32 முதல் 35 பாகை செல்சியஸ். இச்சிறு செய்தியிலிருந்து கிளைத்த வரலாறு தமிழ்நாட்டில் வந்து முடிவதால் சற்று விரித்துச் சொல்லத் தகும். தொழுநோய்க் கிருமியை 1873-ல் நார்வேயில் ஹான்சன் கண்டறிந்தார். ஆயினும் எந்த ஆய்வகக் கிண்ணத்திலும் அது வளர மறுத்தது. நோயாளியின் காதுமடல், மூக்கு, விரல் போன்ற குளிர்ந்த உறுப்புகளையே அது நாடுவதால், 1960-ல் எலியின் பாதத்தில் சிறிதளவு வளர்க்க முடிந்தது. அந்த அளவு ஆராய்ச்சிக்குப் போதவில்லை. 1971-ல் அமெரிக்காவின் லூசியானாவில் கிர்ஹைமரும் எலினார் ஸ்டார்ஸும், உடல் முழுவதுமே குளிர்ந்த ஆர்மடில்லோவில் கிருமி பெருகுவதை நிறுவினர். அவ்விலங்கு பத்தாண்டுக்கு மேலும் உயிர்வாழ்வதும், ஒரே கருமுட்டையிலிருந்து நான்கு ஒத்த குட்டிகளை ஈனுவதும் ஆய்வாளருக்குக் கூடுதல் வசதிகள். அதன் ஈரலும் மண்ணீரலும் உலகின் தொழுநோய்க் கிருமிப் பண்ணையாயின.

2001-ல் அக்கிருமியின் முழு மரபணுத்தொகுதி வெளியிடப்பட்டபோது, வாசிக்கப்பட்டது தமிழ்நாட்டில் பிரித்தெடுக்கப்பட்ட வகை. அதன் பெயரே டிஎன். தமிழ் உடலொன்றில் குடியிருந்த கிருமி, ஆர்மடில்லோவின் உடலில் பெருக்கப்பட்டு, இங்கிலாந்தின் சாங்கர் மையத்திலும் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்திலும் எழுத்தெழுத்தாகப் படிக்கப்பட்டது. சுமார் 32.7 லட்சம் எழுத்துகள் கொண்ட அத்தொகுதியில் பாதிக்கும் குறைவான பகுதியிலேயே செயல்படும் மரபணுக்கள் இருந்தன. மற்றவற்றில் பெரும்பகுதி செயலிழந்த மரபணுக்களின் சிதைவு. ஆய்வகக் கிண்ணத்தில் அது வளர மறுத்ததன் காரணமும் ஓரளவு இதனால் விளங்கியது. இதற்கு முன்பே, 1990-களில் செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்த பெரிய தடுப்பூசிச் சோதனையில், காசநோய்த் தடுப்பூசியாகிய பிசிஜியோடு, ஆர்மடில்லோவில் பெருக்கிக் கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியையும் சேர்த்துச் செலுத்தியபோது பாதுகாப்பு 64 விழுக்காடாகவும், பிசிஜி மட்டும் செலுத்தியபோது 34 விழுக்காடாகவும் கணக்கிடப்பட்டது. தமிழ் மண்ணில் காட்டு உயிராக ஒருநாளும் நடமாடாத விலங்குக்குத் தமிழ்நாட்டோடு இவ்வளவு நெருக்கமான தொடர்பு இருப்பது, கற்பனை இனத்தின் கதையைவிடச் சுவையானது என்பதில் ஐயமில்லை.

கற்பனை இனம் சிதலைத் தின்றே பாறசாலைக் குன்றுகளில் பிழைக்கவேண்டுமானால் அதன் உடலும் இப்படிக் குளிர்ந்தே இருக்கவேண்டும். குளிர் தாங்காத அவ்வுடலுக்கு இங்குள்ள தட்பவெப்பம் தீங்கு செய்யாது. தீங்கு வேறு திசையிலிருந்து வரும். பெரும்பூனைகளின் பல்லுக்கு எதிராக உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் அழுங்கின் உத்தி, ஓடாமல் கிடப்பதைச் சாக்கில் போட்டுக்கொண்டு போகும் மனிதனிடம் தோற்றுவிடுகிறது. 2019 ஏப்ரலில் சிங்கப்பூரில் ஒரே வாரத்துக்குள் இரண்டு சரக்குப் பெட்டகங்களில் 25 டன்னுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க அழுங்குகளின் செதில்கள் பிடிபட்டன. மருந்துக் குணம் என்று சொல்லி விற்கப்படும் அப்பொருள், மேலே சொன்னபடி, நகம்தான். இந்திய அழுங்கு 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துக்கும் என்று பிரிந்த எல்லையின் இருபுறமும் அச்சட்டம் ஒன்றே.

ஒளிந்து பிழைப்பதற்கு நெய்யாற்றின்கரையில் பெயர்பெற்ற முன்னுதாரணம் ஒன்றும் உண்டு. பகைவரான எட்டுவீட்டுப் பிள்ளைமாரிடமிருந்து தப்பிய திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா மறைந்திருந்ததாக ஐதீகம் கூறும் அம்மச்சிப் பிலா என்னும் பலாவின் பொந்துள்ள அடிமரம், கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் இன்றும் காக்கப்படுகிறது. அழுங்கோ உள்ளே சென்றதும் வாயிலை மண்ணால் அடைத்துக்கொள்கிறது. அடைத்தபின் உள்ளே காற்று எவ்வழியில் வருகிறது, இரை தேடத் தோண்டும் ஆழமற்ற வளைக்கும் உறங்கத் தோண்டும் ஆழ வளைக்கும் என்ன வேறுபாடு, ரப்பர்த் தோட்டக்காரர் சரிவில் வெட்டும் படித்தளங்கள் இரண்டையும் என்ன செய்கின்றன என்பவை அடுத்த வாரத்துக்கு உரியவை.