மூன்று மார்க் எங்கே போச்சு?

வாக்கட், பிம்ப்ளே சவுதாகர், கட்கி என்று புனேயில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் பக்கமெல்லாம் இந்தப் புகார்தான்: "பையன் நல்லாத்தான் படிக்கிறான், ஹோம்வொர்க்கை மட்டும் முடிக்கவே மாட்டேங்கிறான்." நோட்டைப் புரட்டினால் தாள் கிழியும் அளவுக்கு ரப்பர் தேய்ந்திருக்கும். தேர்வு நாள் காலையில் வயிற்று வலி வேறு. வீட்டில் இதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்து இன்னொரு டியூஷனில் சேர்க்கிறார்கள். சோம்பேறி எதற்காக ஒரே வரியை நாலு தரம் எழுதப் போகிறான்?

பிழையே வரக்கூடாது என்ற பயம் அது. உயர்ந்த இலக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை. டேனியல் மேடிகன் என்ற ஆய்வாளர் 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். தானாக இலக்கு வைத்து உழைக்கும் மாணவர்களின் படிப்பு சற்று மேம்பட்டிருந்தது. தப்பு வந்துவிடுமோ, பிறர் என்ன சொல்வார்களோ என்று அஞ்சுபவர்களின் படிப்பு சற்றுப் பின்தங்கியிருந்தது. பதற்றத்தோடும் மனச்சோர்வோடும் அதிகம் சேர்ந்து வருவதும் இந்த அச்சம்தான். 97 வாங்கி வந்த பிள்ளையிடம் "மூணு எங்கே போச்சு?" என்று கேட்பது மார்க்குக்கும் உதவாது.

தூக்கமும் சாப்பாடும் குறைந்தால், "நான் எதுக்கு இருக்கணும்" என்ற பேச்சு வந்தால், பரீட்சை முடியட்டும் என்று தள்ளாதீர்கள். அன்றே டெலி மானஸ் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடுங்கள். இலவசம், இரவு பகல் உண்டு, தமிழிலும் பேசலாம். நேரில் பார்க்க சசூன் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

இனி பள்ளி. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த 17 வயது மாணவியின் மரண வழக்கில் 25 ஜூலை 2025 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் நெறிமுறைகள் விதித்தது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ இருந்தால், பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது வேண்டும். 14416 வகுப்பறையில் பெரிய எழுத்தில் தெரிய வேண்டும். மார்க்கை வைத்து வகுப்பைப் பிரிப்பதும், எல்லோர் முன்னும் அவமானப்படுத்துவதும் கூடாது. இந்தக் கடைசி விதியில் 'இயன்றவரை' என்று ஒரு சொல் இருக்கிறது; பள்ளிகள் அதற்குள்தான் ஒளிந்துகொள்ளும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழு வைக்கவும் சொல்லியிருக்கிறது. கேட்காதவரை எந்த அலுவலகமும் தானாக அசையாது.

வாட்ஸ்அப் குழுவில் புலம்பினால் எதுவும் நடக்காது. பள்ளி முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். தீர்ப்பின் தேதி, ஆலோசகரின் பெயரும் தகுதியும் என்ன என்ற கேள்வி, உங்கள் பிள்ளை வகுப்பில் எந்த நாளில் எப்படி அவமானப்படுத்தப்பட்டான் என்ற விவரம், இவ்வளவு போதும். இரண்டு பிரதி எடுத்துச் சென்று, உங்கள் பிரதியில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். இங்கே அதைப் 'போச்' என்பார்கள். போச் வாங்காமல் திரும்பாதீர்கள். பிறகு கடிதமே வரவில்லை என்பார்கள்.

பதில் இல்லையென்றால் அந்தப் பிரதியோடு புனே ஜில்லா பரிஷத்தின் கல்வி அதிகாரியிடம் போங்கள். தொடக்கப் பிரிவுக்கும் இடைநிலைப் பிரிவுக்கும் தனித்தனி அதிகாரிகள். ஒன்பது, பத்தாம் வகுப்பு என்றால் இடைநிலை. சி.பி.எஸ்.இ. பள்ளியானால் புனேயிலேயே இருக்கும் அதன் மண்டல அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். சிவாஜிநகரில் மாநில வாரியம் இருக்கிறதே என்று அங்கே ஓடி ஒரு நாளை வீணாக்காதீர்கள். அவர்கள் வேலை தேர்வு நடத்துவது. எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவும் உண்டு. மன ரீதியான துன்புறுத்தலை அது தடை செய்கிறது. கடிதத்தில் அதையும் குறிப்பிடுங்கள்.

கோச்சிங் விஷயத்தில் பெற்றோரே விதியை மீறுகிறார்கள். 16 வயது ஆகாதவர்களைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியிலேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. ஏழாம் வகுப்புப் பையனுக்கு 'ஃபவுண்டேஷன்' வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டு யாரைக் குறை சொல்வது?

இந்தக் கடிதங்களுக்குப் பதில் வர வாரக் கணக்காகலாம். அதுவரை பிள்ளையைக் காக்க வைக்க வேண்டாம். 14416க்குக் கூப்பிட எந்தப் போச்சும் தேவையில்லை.