சேடை முடிந்ததும் கியர் ஆயிலைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழையில் நந்தன் கால்வாய் வழியாக நீர் வந்து பனமலை ஏரி நிரம்பிவிட்டால், செஞ்சி வட்டாரத்து நன்செய்களில் நவரைப் பட்டத்துக்குச் சேடை ஓட்டும் வேலை, அதாவது நீர் தேக்கிச் சேறாக்கும் உழவு, தொடங்கிவிடும். கேஜ் வீல் மாட்டிய டிராக்டர்கள் நாள் முழுக்கச் சேற்றில் உழலும் காலம் அது. அவற்றின் கையேடுகளில் கியர் ஆயில் மாற்றுவதற்குப் பெரும்பாலும் ஆயிரம் மணி நேரத்தை ஒட்டிய ஒரு கணக்கு இருக்கும். ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மீட்டரில் அந்த எண் வரும்வரை ஆயிலைத் தொட வேண்டியதில்லை என்று பலரும் நம்புகிறார்கள். புழுதி உழவு மட்டும் ஓட்டும் வண்டிக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் போதும். சேடை ஓட்டும் வண்டிக்குப் போதாது. சேடை முடிந்ததும் ஆயிலைச் சோதிக்க வேண்டும்; நீர் கலந்திருந்தால் மணிக்கணக்கு பாராமல் மாற்ற வேண்டும்.

எஞ்சினில் டீசல் எரிவதால் அதன் ஆயில் கரியேறிக் கெடுகிறது. கியர் பெட்டியில் எதுவும் எரிவதில்லையே, அங்கே ஆயில் ஏன் கெடப்போகிறது என்று கேட்கலாம். கரி ஏறாது என்பது சரிதான். ஆனால் நீர் ஏறும். பல டிராக்டர்களில் கியர் பெட்டி, டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக், எண்ணெயில் மூழ்கிய பிரேக் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான். உழைக்கும்போது பெட்டி சூடாகி, உள்ளிருக்கும் காற்று விரிந்து பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாக வெளியேறுகிறது. வண்டி நீரில் நிற்கும்போது பெட்டி குளிர்ந்து காற்று சுருங்குகிறது. பிரீதரைச் சேறு அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் குறையும். அந்தக் குறைவு, தேய்ந்த ஆயில் சீலின் ஓரமாக வெளிநீரை உள்ளே இழுக்கும். சீலைத் தேய்ப்பதும் அதே சேற்றின் நுண்மணல்தான்.

எவ்வளவு நீர் ஆபத்து? 1977இல் ரிச்சர்ட் கான்ட்லி என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆயிலில் கலந்த நீர் பேரிங்கின் ஆயுளை எப்படிக் குறைக்கிறது என்று அளந்து வெளியிட்டார். பத்து லட்சம் பங்கு ஆயிலில் 100 பங்கு நீர் இருக்கும்போதுள்ள ஆயுள், நீர் 400 பங்கானால் பாதிக்கும் கீழே போகிறது. 40 லிட்டர் ஆயில் பிடிக்கும் ஒரு டிராக்டரில் 400 பங்கு என்பது ஏறக்குறைய 16 மில்லி லிட்டர்தான்! அவர் சோதித்த ஆயில் வேறு, ஆகவே அந்த எண்ணை அப்படியே நம் வண்டிக்குப் பொருத்த முடியாது. ஆனால் சிறு அளவு நீரே பெரிய சேதம் செய்யும் என்பதில் ஐயமில்லை. பற்களும் உருளைகளும் அழுந்தும் இடத்தில் ஆயில் தாங்கும் சுமையை நீர்த்துளி தாங்காது. வண்டி சும்மா நிற்கும் மாதங்களில் அதே நீர் எஃகில் துருப்புள்ளிகளைக் கிளப்பும். இதில் கவலைக்குரியது என்னவென்றால், ஆயிலில் கரைந்த நீர் கண்ணுக்குத் தெரியாது. கரையும் அளவு தாண்டிய பிறகுதான் பால் நிறம் வரும். அப்போது பேரிங் ஏற்கெனவே அடிபட்டிருக்கும்.

நீர் அடியில் தங்கும், பிளக்கைக் கழற்றி அதை மட்டும் வடித்துவிடலாம் என்பார்கள். தனியாகப் பிரிந்த நீர் அப்படி வரும். ஆனால் டிராக்டர் ஆயிலில் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள் நீரைத் துளித்துளியாகத் தம்மோடு பிடித்துவைப்பதால், கணிசமான பகுதி மேலேயே நின்றுவிடும். செலவுதான் வலுவான மறுப்பு. 40 லிட்டரை யோசிக்காமல் மாற்ற எந்த விவசாயிக்கும் மனம் வராது. அதனால்தான் முதலில் சோதனை. நன்றாகச் சூடேறிய இரும்புத் தகட்டில் ஒரே ஒரு சொட்டு ஆயிலை விட்டு, தள்ளி நின்று, கண்ணுக்குக் காப்பு அணிந்து கவனிக்க வேண்டும். படபடவென்று பொரிந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்காவது நீர் இருக்கக்கூடும், மாற்றுவதே சரி. பொரியாததை மட்டும் வைத்து ஆயில் சுத்தம் என்று முடிவுகட்டக் கூடாது, ஏனென்றால் கான்ட்லி சொன்ன அளவு இதற்கும் கீழே.

மாற்றும்போது வண்டியைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கியபின் வடிக்க வேண்டும். இளகிய ஆயில் மிதக்கும் துகள்களையும் சேர்த்துக் கொண்டுவரும். பிளக்கின் காந்தத்தில் மழமழப்பான சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு, விரலில் நெருடும் சில்லுகள் இருந்தால் கியரைத் திறந்து பார்க்க வேண்டும். வடித்ததை வாய்க்காலில் கொட்டாமல் பழைய ஆயில் வாங்கும் உரிமம் பெற்றவரிடம் கொடுக்க வேண்டும். கையேடு சொல்லும் ரகத்தையே ஊற்ற வேண்டும். வேறு ரக ஆயிலில் மூழ்கிய பிரேக் அலறும், சில ரகங்கள் பித்தளைப் பாகங்களை அரிக்கும். பிரீதரைக் கழுவி, சீலையும் பார்த்துவிட வேண்டும். சீல் தேய்ந்திருக்க, ஆயிலை மட்டும் மாற்றினால் அடுத்த சேடையிலேயே மறுபடி பால் நிறம் வந்துவிடும்.