அடுத்த வீட்டுக் குழந்தையை யார் பார்ப்பது?

ஊரில் தம்பி தங்கையை இடுப்பில் தூக்கித் திரியாத அக்காமார் இல்லை. ஆனால் அங்கே குழந்தை வீரிட்டு அழுதால் வேலிக்கு மேலால் நாலுபேர் எட்டிப் பார்ப்பார்கள். ஈஸ்ற்ஹாமிலோ வெம்பிளியிலோ மாடிவீட்டுக் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே நடப்பது அயலுக்குத் தெரியாது. 13 வயது மகளைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காவலாக அனுப்புமுன் நாம் இதை யோசிக்க வேண்டும்.

இந்நாட்டுச் சட்டம் இதற்கு வயதெல்லை எதையும் குறிக்கவில்லை. ஆயினும் பார்ப்பவர் 16 வயதுக்குக் குறைந்தவராயின், குழந்தையின் பாதுகாப்புக்குப் பெற்றோரே பொறுப்பு. சிறுவர் பாதுகாப்பு அமைப்பான என்.எஸ்.பி.சி.சி., 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. ஆகவே அதற்கு முந்திய வயதில் பழக்கம் மட்டும் போதும்: தாய் அடுத்த அறையில் சமைக்க, பிள்ளை ஒரு மணித்தியாலம் குழந்தையைப் பார்க்கட்டும். குழந்தையை மல்லாக்கக் கிடத்தியே நித்திரையாக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்குத் திராட்சைப் பழத்தை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுக்க வேண்டும். முழுப்பழம் தொண்டையை அடைத்துவிடும்.

999 இலக்கத்தை அழைக்கக் காசு தேவையில்லை. நம் பிள்ளைகள் நம்மைவிட நன்றாக ஆங்கிலம் பேசுவார்கள்தான். ஆனால் போயிருக்கும் வீட்டின் விலாசம் தெரியாவிட்டால் அந்த ஆங்கிலத்தால் என்ன பயன்? வீட்டு இலக்கம், தெரு, தபாற் குறியீடு மூன்றையும் எழுதிக் கையில் கொடுத்துவிடுவோம்.

மகன்மாரும் இதைப் பழகட்டும், எப்போதும் அக்காதானா? பரீட்சைக் காலத்தில் அயலவர் கேட்டுவந்தால், இயலாது என்று நாமே சொல்லிவிடுவோம். பிள்ளை கூச்சத்தில் சொல்லாது.