கணிதக் குறியீடும் கணினி அறியும் பொருளும்

முன்னுரை

டொனால்டு நூத் உருவாக்கி 1978இல் வெளியான டெக் மென்பொருள், கணிதக் கோவைகளை அழகுற அச்சிடும் பணியை எளிதாக்கியது. ஆயினும், அழகுற அமைந்த கோவையின் பொருளைக் கணினி அறிந்துவிட்டதாகக் கொள்ள இயலாது. வடிவத்திற்கும் பொருளுக்கும் இடையிலான இவ்வேறுபாட்டையும் அதனைக் கடக்கும் முறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு குறியீடு, பல பொருள்

ப(அ + 1) என்பது ப என்னும் சார்பின் மதிப்பாகலாம். ப என்னும் எண்ணை அ + 1 ஆல் பெருக்குவதாகவும் இருக்கலாம். (0, 1) என்பது ஓரிடத்தில் தளத்திலுள்ள புள்ளி. வேறோரிடத்தில் திறந்த இடைவெளி. அவ்விடைவெளியையே பிரான்சு நாட்டு மரபு ]0, 1[ என எழுதுகிறது. அ⁻¹ என்பது எண்ணின் தலைகீழியைக் குறிக்க, சைன்⁻¹ அ என்பது நேர்மாறுச் சார்பைக் குறிக்கிறது. கற்றறிந்தவர் சூழல் கொண்டு பொருள் தெளிகிறார். கணினிக்கோ அப்பொருளை வெளிப்படையாகத் தருதல் வேண்டும்.

பொருளைப் பதியும் முறைகள்

உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1998இல் பரிந்துரைத்த மேத்எம்எல் இருவகைக் குறிமுறைகளைக் கொண்டது. காட்சிக் குறிமுறை மேலெழுத்து, கீழெழுத்து, பின்னம் முதலியவற்றின் அமைப்பைப் பதிகிறது. உள்ளடக்கக் குறிமுறை எச்செயல் எவ்வுறுப்பின்மீது நிகழ்கிறது என்பதை மரவடிவில் பதிகிறது. ஓப்பன்மேத் முறையில் ஒவ்வொரு குறியும் உள்ளடக்க அகராதியில் வரையறுக்கப்பட்ட கருத்தோடு இணைக்கப்படுகிறது. எனவே, இடைவெளியைக் குறிக்கும் (0, 1), ]0, 1[ ஆகிய இரண்டும் ஒரே கருத்தாகப் பதிவாகின்றன. யூனிகோடும் கண்ணுக்குப் புலப்படாத பெருக்கல் குறிக்கும் சார்புச் செயற்குறிக்கும் தனித்தனி இடம் அளித்துள்ளது.

தமிழில் ஒலித்தல்

பார்வையற்ற கணினி அறிஞர் டி. வி. இராமன், டெக் ஆவணங்களை ஒலிவடிவாக்கும் ஆஸ்டர் அமைப்பைத் தம் முனைவர் பட்ட ஆய்வாகக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1994இல் அளித்தார். தமிழில் இத்தகைய வாசிப்புக்குப் பொருட்பதிவு இன்னும் இன்றியமையாதது. ⅔ என்னும் பின்னத்தில் மேலே நிற்பது 2. தமிழ் வழக்கோ பகுதியை முற்கூறி ‘மூன்றில் இரண்டு’ என்கிறது. அமைந்த வரிசையிலேயே படிக்கும் மென்பொருள் ‘இரண்டு, கோடு, மூன்று’ என்றே ஒலிக்கும். தொகுதி எது, பகுதி எது என அறிந்த மென்பொருளே தமிழ் மரபுப்படி ஒலிக்க இயலும்.

முடிவுரை

வடிவத்திலிருந்து பொருளைப் பின்னர் ஊகிப்பது பிழைக்கு இடந்தரும். பொருளை ஐயமின்றி அறிந்தவர் எழுதியவரே. எல்லாக் கோவைகளுக்கும் பொருளை முழுமையாகப் பதிவது அவருக்குச் சுமையாகலாம். ஐயம் விளைக்கும் இடங்களிலேனும் எழுதும்போதே பதிதல் வேண்டும். கோவைகளைப் படங்களாக மட்டும் இடும் மின்னூல், அவற்றைச் செவியால் கற்கும் மாணவருக்குப் பாடத்தின் மையத்தையே மறைத்துவிடுகிறது.