ஒருவர் போடும் மாத்திரை, இருவருக்கும் காவல்



போடிநாயக்கனூரிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் விடியுமுன்னே ஜீப் கிளம்பிவிடுகிறது. முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆணும் பெண்ணுமாக வேலைக்குப் போகிறீர்கள். சிலர் அன்றைக்கே திரும்புகிறீர்கள். சிலர் காய் எடுக்கும் காலம் முழுவதும் மலையிலேயே தங்கிவிடுகிறீர்கள். இவ்வளவு பாடும் குடும்பத்திற்காகத்தான். அந்தக் குடும்பத்தைக் காக்கும் ஒரு செய்தியை இங்கே சொல்கிறோம். கணவனும் மனைவியும் சேர்ந்து படியுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு மற்றவர் படித்துச் சொல்லுங்கள்.

செய்தி இதுதான். உங்களில் ஒருவருக்கு எச்.ஐ.வி. கிருமி இருந்தாலும், அவர் தினமும் தவறாமல் மாத்திரை சாப்பிட்டு, ரத்தப் பரிசோதனையில் கிருமி தென்படாத நிலையை அடைந்து, அந்த நிலையிலேயே இருந்துவந்தால், உடலுறவு மூலம் மற்றவருக்குக் கிருமி தொற்றாது. இது யாரோ சொன்ன ஆறுதல் வார்த்தை அல்ல. உங்களைப் போன்ற தம்பதிகளைப் பல ஆண்டுகள் கவனித்து, கணக்கெடுத்துக் கண்ட உண்மை.

கிருமி என்ன செய்கிறது?

நம் ரத்தத்தில் நோயை எதிர்த்துப் போராடும் காவல் அணுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகைக்கு சி.டி.4 என்று பெயர். எச்.ஐ.வி. கிருமி இந்தக் காவலாளிக்குள்ளேயே புகுந்து, அங்கே தன்னைப் போல ஆயிரக்கணக்கில் பெருக்கிக்கொண்டு, காவலாளியை அழித்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் ஆள் நல்ல தெம்பாகவே தெரிவார். பிறகு காவல் குறைந்ததும் காசநோய் முதலிய நோய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்த நிலைக்குத்தான் எய்ட்ஸ் என்று பெயர்.

பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமி கலந்த ரத்தம், ஒருவர் போட்ட ஊசியை மற்றவர் போடுதல், தாயிடமிருந்து குழந்தைக்கு என்னும் வழிகளில்தான் இது தொற்றும். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, ஒரே பாயில் படுப்பதாலோ, கொசுக் கடியாலோ, ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து போவதாலோ தொற்றாது.

மருந்து கிடைத்த கதை

1986-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் ஆராய்ச்சி செய்த டாக்டர் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இக்கிருமியைக் கண்டறிந்தார்கள். அப்போது கையில் மருந்து எதுவும் கிடையாது. 1996 வாக்கில்தான் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி அடங்குகிறது என்று உலகம் அறிந்தது. ஆனால் ஒரு ஆளுக்கு ஓராண்டு மருந்துக்கு 10,000 டாலருக்கு மேல் செலவானது. கூலி வேலை செய்பவர் நினைத்துப் பார்க்கக்கூட முடியாத தொகை. 2001-இல் சிப்லா என்னும் இந்தியக் கம்பெனி, மூன்று மருந்தையும் ஓராண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. அதன் பிறகு விலை மளமளவென்று இறங்கியது.

2004 ஏப்ரலில் மத்திய அரசு இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்திலேயே அம்மருந்து கிடைத்த மருத்துவமனைகளில் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. ஆனால் அன்றைக்கு எல்லோருக்கும் உடனே மருந்து கொடுக்கவில்லை. சி.டி.4 அணுக்கள் நன்றாகக் குறைந்த பிறகே கொடுத்தார்கள். "இன்னும் உங்களுக்குத் தேவைப்படலை, போயிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம்.

இந்த இடத்தில்தான் மருத்துவர்களுக்கு இரண்டு கேள்விகள் எழுந்தன. காத்திருப்பது சரியா? முன்கூட்டியே மருந்து கொடுத்தால் நோயாளியின் துணைக்கும் அது காவலாக இருக்குமா?

தம்பதிகளை வைத்து நடந்த ஆராய்ச்சி

இதைக் கண்டறிய எச்.பி.டி.என். 052 என்ற பெரிய ஆராய்ச்சி 9 நாடுகளில் நடந்தது. அமெரிக்க மருத்துவர் மைரன் கோஹன் இதற்குத் தலைமை தாங்கினார். இந்தியாவில் சென்னையிலும் புனேயிலும் நடந்தது. சென்னையில் இதை நடத்தியது, டாக்டர் சுனிதி சாலமன் 1993-இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனம்.

மொத்தம் 1,763 ஜோடிகள் சேர்ந்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்குக் கிருமி உண்டு, மற்றவருக்கு இல்லை. சீட்டுப் போட்டுப் பிரிப்பது போல அவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். 886 ஜோடிகளில் கிருமி உள்ளவருக்கு உடனே மாத்திரை தொடங்கப்பட்டது. மீதி 877 ஜோடிகளில் அன்றைய வழக்கப்படி சி.டி.4 குறையும் வரை, அல்லது நோய் தெரியும் வரை காத்திருந்து மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு பிரிவினருக்கும் ஆலோசனையும் ஆணுறையும் ஒரே மாதிரி கொடுக்கப்பட்டன.

2011 மே மாதம் வெளியான முடிவுகளின்படி, துணையிடமிருந்தே தொற்றியது என்று உறுதியானவை 28. அவற்றில் 27 காத்திருந்த பிரிவில். உடனே மாத்திரை தொடங்கிய பிரிவில் ஒன்றே ஒன்று! அதாவது தொற்றுவது 96 சதவீதம் குறைந்திருந்தது. மாத்திரை போட்டவருக்கும் லாபம்தான். நுரையீரல் அல்லாத மற்ற உறுப்புகளில் வரும் காசநோய் காத்திருந்த பிரிவில் 17 பேருக்கு வந்தது, உடனே தொடங்கிய பிரிவில் 3 பேருக்கு மட்டுமே வந்தது.

இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு ஒரு பிரிவினரைக் காக்க வைப்பது நியாயம் அல்ல. ஆகவே காத்திருந்த பிரிவினருக்கும் மாத்திரை தர ஏற்பாடானது. அதன் பிறகும் பல ஆண்டுகள் கவனித்தார்கள். மாத்திரையால் கிருமி நன்றாக அடங்கி, அப்படியே நிலைத்திருந்தவர்களிடமிருந்து அவர்களுடைய துணைக்கு ஒரு தொற்றுகூடக் காணப்படவில்லை. 2016-இல் ஐரோப்பாவில் 888 ஜோடிகளைக் கவனித்த வேறொரு ஆராய்ச்சியும் இதையே சொன்னது. அவர்கள் ஆணுறை இல்லாமல் இருந்தும், கிருமி அடங்கிய துணையிடமிருந்து யாருக்கும் தொற்றவில்லை.

இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளின் பலனாக 2017 முதல் நம் நாட்டில் சட்டம்போல ஒரே விதி: கிருமி இருப்பது உறுதியானால், சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், உடனே மருந்து.

"தெம்பாத்தான இருக்கேன், எதுக்கு மாத்திரை?"

நோய் தெரியாமல் இருக்கும்போதே தொடங்குவதில்தான் பலன் அதிகம் என்பதை மேலே பார்த்தோம். இன்று பெரும்பாலோருக்குத் தினம் ஒரே ஒரு மாத்திரைதான். மூன்று மருந்தும் அந்த ஒன்றிலேயே அடங்கியிருக்கிறது.

சிலர் ஆறு மாதம் சாப்பிட்டு, உடம்பு தேறியதும் நிறுத்திவிடுகிறார்கள். இது பெரிய தவறு. ஏலத்தோட்டத்தில் களையை அறுத்துவிட்டால் தரை சுத்தமாகத் தெரியும். ஆனால் வேர் மண்ணுக்குள் இருக்கும். கவனிக்காமல் விட்டால் மறுபடி தளிர்க்கும். கிருமியும் அப்படித்தான். மாத்திரை அதைப் பெருகவிடாமல் தடுக்கிறது. உடம்புக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை அடியோடு அழிப்பதில்லை. நிறுத்தினால் சில வாரங்களில் மறுபடி பெருகும். துணைக்குக் கிடைத்த காவலும் போய்விடும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கே பழகிப்போய், அந்த மாத்திரை பிறகு வேலை செய்யாமல் போகலாம்.

"மலைக்குப் போனா மாத்திரை விட்டுப்போகுதே?"

காலையில் ஜீப் பிடிக்கும் அவசரத்தில் மறந்துபோகும் என்றால், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போடும்படி வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரம் என்பதுதான் முக்கியம். மலையில் தங்கப் போகிறவர்கள் எத்தனை நாள் தங்குவோம் என்று முன்கூட்டியே மையத்தில் சொல்லுங்கள். நிலையாக மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. ஊர் மாறிப் போனால் அந்த ஊருக்கு அருகிலுள்ள மையத்துக்கு உங்கள் பதிவை மாற்றித் தருவார்கள், கேரளப் பக்கமானாலும் சரி. ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் அன்றே போடுங்கள். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. மாத்திரையின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். கர்ப்பிணிகள் இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகளை எப்போது போடுவது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் அவற்றையும் இதையும் ஒன்றாகப் போட்டால் இந்த மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

"இனி உறை வேண்டாமா?"

மாத்திரை தொடங்கிய மறுநாளே காவல் வந்துவிடாது. கிருமி அடங்கச் சில மாதங்கள் ஆகும். அடங்கியதா என்பதை வைரல் லோடு என்னும் ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். ஆறு மாதம் முடிந்ததும் இதை இலவசமாகச் செய்கிறார்கள், பிறகும் குறித்த காலத்தில் செய்கிறார்கள். கிருமி தென்படவில்லை என்று மருத்துவர் சொல்லும் வரை ஆணுறை அவசியம். அதற்குப் பிறகும் மற்றப் பால்வினை நோய்களைத் தடுக்கவும், வேண்டாத கர்ப்பத்தைத் தவிர்க்கவும் ஆணுறைதான் உதவும்.

குழந்தை ஆசை உள்ளவர்கள் மனம் தளர வேண்டாம். கிருமி அடங்கிய பிறகு மருத்துவர் ஆலோசனையோடு கருத்தரிக்கலாம். சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றக்கூடும். தாய் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, குழந்தைக்கும் பிறந்தவுடன் மருந்து கொடுத்தால் அது 5-க்கும் கீழே இறங்குகிறது. பாலூட்டுவதைப் பற்றி மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். தாய்ப்பால் கொடுக்கும் காலம் முழுவதும் மாத்திரையை விடக் கூடாது.

பழி வேண்டாம்

பல வீடுகளில் கிருமி முதலில் தெரியவருவது மனைவிக்குத்தான். காரணம் எளிது. கர்ப்பமானவுடன் அவருக்குத்தான் ரத்தம் பார்க்கிறார்கள். உடனே, "இவதான் கொண்டு வந்துட்டா" என்று மாமியார் முதல் அக்கம்பக்கம் வரை பேசிவிடுகிறார்கள். முதலில் சோதனை செய்தவர் வேறு, முதலில் தொற்று வந்தவர் வேறு. யார் மூலம் வந்தது என்று அந்தப் பரிசோதனை சொல்லாது. கணவன்மார்களே! மனைவியை மட்டும் அனுப்பிவிட்டு வெளியே நிற்காதீர்கள். நீங்களும் உடன் சென்று ரத்தம் பாருங்கள். ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருந்தே தீரும் என்பதில்லை. அந்த ஆராய்ச்சியில் சேர்ந்த 1,763 ஜோடிகளே அதற்குச் சாட்சி. இல்லாதவரை இல்லாதவராகவே காப்பாற்ற இன்று வழி இருக்கிறது.

துணையிடம் எப்படிச் சொல்வது என்று தவிப்பவர்கள் ஆலோசகரிடம் மனம் விட்டுப் பேசுங்கள். பக்குவமாகச் சொல்ல அவர் துணை நிற்பார். மறைத்து மறைத்து மாத்திரை போடுகிறவர்தான் அடிக்கடி தவறவிடுகிறார். துணைக்குத் தெரிந்திருந்தால், "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்க வீட்டில் ஓர் ஆள் இருக்கும்.

எங்கே போவது?

அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாக ரத்தப் பரிசோதனையும் ஆலோசனையும் உண்டு. கிருமி இருந்தால் அங்கிருந்தே ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புவார்கள். நம் மாவட்டத்தில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அம்மையம் உள்ளது. மாத்திரைக்குக் காசு இல்லை. சமீபத்தில் தொற்றியிருந்தால் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். ஆகவே சந்தேகம் உள்ளவர்கள் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். விவரம் கேட்க 1097 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது.

"நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்களே" என்று அஞ்ச வேண்டாம். 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யக் கூடாது, விவரத்தை வெளியே சொல்லக் கூடாது, இந்தக் காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்கவும் கூடாது.

நினைவில் கொள்க

இருவரும் சேர்ந்து சென்று ரத்தம் பாருங்கள்.
கிருமி இருந்தால் அன்றே சிகிச்சைக்கு வழி கேளுங்கள்.
தினம் ஒரு மாத்திரை. மலையானாலும் ஊரானாலும், திருவிழாவானாலும் விடாதீர்கள்.
வைரல் லோடு பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.
கிருமி தென்படவில்லை என்று தெரியும் வரை ஆணுறை அவசியம்.
கர்ப்பம் என்று தெரிந்ததும் முதல் மாதங்களிலேயே ரத்தம் பாருங்கள்.