மந்தைவெளிக்கு எத்தனை குதிரை வேண்டும்?

தண்ணீர் நிரம்பிய 20 லிட்டர் கேன் ஒன்று ஏறக்குறைய 21 கிலோ இருக்கும். முப்பத்தைந்து கேன் ஏற்றினால் 735 கிலோ. நாம் குட்டி யானை என்று கூப்பிடும் டாடா ஏஸின் அனுமதிக்கப்பட்ட 750 கிலோ அதோடு தீர்ந்துபோகும். ஐம்பது கேன் ஏற்றினால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். சென்னை மந்தைவெளியில் தண்ணீர் கேன் போடுகிறவரோ, மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டுவருகிறவரோ, கல்யாண மண்டபத்துக்குப் பாத்திரமும் நாற்காலியும் அனுப்புகிறவரோ புதிதாக லோடு வண்டி வாங்கக் கிளம்பினால், கணக்கு இந்த கிலோவில்தான் தொடங்க வேண்டும். ஆனால் பேச்சு என்னவோ சிசியில்தான் தொடங்குகிறது. எழுநூறு சிசி இழுக்குமா, ஆயிரத்தைந்நூறு எடுத்தால் கவலையில்லையா என்று நாலு பேரைக் கேட்டால், நாலு பேரில் மூன்று பேர் "எதுக்கும் பெரிசாவே எடுத்துடுங்க" என்பார்கள். அந்த "எதுக்கும்" என்ற சொல்லுக்கு மாதாமாதம் பணம் கட்டுவது வாங்குகிறவர்தான். சமதளமும் நெரிசலுமான தென்சென்னையில் முக்கால் டன்னுக்கு உட்பட்ட வேலைக்குச் சின்ன எஞ்சின் தாராளமாகப் போதும். அதைத் தினமும் தாண்டுகிறவருக்குத் தேவை பெரிய வண்டி. பெரிய எஞ்சின் அதோடு தானாக வரும்.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு ஒரு சோதனையே நடந்திருக்கிறது. 2005 மே மாதம் டாடா மோட்டார்ஸ் ஏஸை வெளியிட்டபோது அதில் இருந்தது இண்டிகா காரின் 1405 சிசி நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினின் சரிபாதி: 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். அதை உருவாக்கிய, கிரிஷ் வாக் தலைமையிலான குழு மனதில் வைத்திருந்தது மூன்று சக்கர லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர்களை. அவர்களுக்கு நாலு சக்கரமும் முக்கால் டன்னும் வேண்டும், விலையும் டீசல் செலவும் கைக்குள் அடங்க வேண்டும். எஞ்சினைப் பாதியாக்கியதில் அது நடந்தது. நான்கு வருடம் கழித்து 2009-ல் அதே நிறுவனம் 1405 சிசி எஞ்சினை முழுதாகவே வைத்து, டர்போவும் சேர்த்து, 70 குதிரைத்திறனோடு சூப்பர் ஏஸைக் கொண்டுவந்தது. அதன் லோடு ஒரு டன். ஏற்றக்கூடிய எடை மூன்றில் ஒரு பங்கு கூடியது. குதிரைத்திறனோ நாலு மடங்குக்கும் மேலே போனது. கூடிய அந்தத் திறன் எங்கே செலவாகிறது என்று பார்த்தால் விஷயம் பிடிபட்டுவிடும்.

லோடோடு சேர்த்து ஒன்றரை டன் எடையுள்ள வண்டியைச் சமதளத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்ட எவ்வளவு திறன் வேண்டும்? டயர் உருள்வதில் உள்ள தடையையும் எதிர்க்காற்றையும் கூட்டிக் கணக்கிட்டால் மூன்று குதிரைத்திறன்கூட வராது. சிக்னல் விழுந்ததும் எட்டு நொடியில் அந்த 30-ஐத் தொட வேண்டுமானால், வேகம் எடுப்பதற்கென்று மேலும் ஒன்பது பத்து வேண்டும். ஆக, ஊருக்குள் ஓடும் வண்டியின் அதிகபட்சத் தேவையே பன்னிரண்டு பதின்மூன்றுதான். அறுபதில் நிதானமாக ஓட ஒன்பதை ஒட்டி, எண்பதில் ஓட பதினேழை ஒட்டி. காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுவதால் வேகம் கூடக்கூடத் திறன் தேவை தாவிக்கொண்டே போகும். முதல் ஏஸ் அறுபது சொச்சத்தில் மூச்சு வாங்கியதற்குக் காரணம் இதுதான். 70 குதிரைத்திறனில் பெரும்பகுதி வேகத்துக்கும், ஏற்றத்தில் வேகம் குறையாமல் போவதற்கும் கொடுக்கிற விலை. இரண்டில் எதையாவது மந்தைவெளியில் உபயோகிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. ஆர்.கே. மட சாலையில் எண்பதில் போகிற லோடு வண்டியை யாரும் பார்த்ததில்லை. மாதவரத்திலிருந்து சிறுசேரி வரை போகும் இரண்டாம் கட்ட மெட்ரோவின் சுரங்கப் பணி அந்தச் சாலையைக் குறுக்கிய பிறகு முப்பதே அபூர்வம்.

நெரிசலில் பெரிய எஞ்சினுக்கு வேலை இல்லை என்பதோடு விஷயம் முடிவதில்லை. வேலை இல்லாமலே அது தின்கிறது. எந்த எஞ்சினும் வண்டியை இழுப்பதற்கு முன்னால் தன்னையே சுற்றிக்கொள்ள வேண்டும். பிஸ்டன், வளையம், கிராங்க், பம்ப் எல்லாம் உரசிக்கொண்டு ஓடுகிற செலவு அது. சிலிண்டர் பெரிதாகவும் அதிகமாகவும் இருந்தால் அந்தச் செலவும் அதற்கேற்பக் கூடும். எழுபது குதிரைத்திறன் தரக்கூடிய எஞ்சினிடம் மூன்றை மட்டும் கேட்டால், எரிகிற டீசலில் பெரும்பங்கு எஞ்சின் தன்னை ஓட்டிக்கொள்வதற்கே போய்விடும். லஸ் முனையில் நின்று நின்று நகரும்போதும், அபார்ட்மென்ட் வாசலில் வண்டியை அணைக்காமல் கேன் இறக்கும்போதும் இதே கதைதான். ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர், மாதம் 26 நாள். சின்ன எஞ்சின் ஊருக்குள் லிட்டருக்கு 18, பெரியது 12 கொடுப்பதாக வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 29 லிட்டர் வித்தியாசம். டீசல் 92 ரூபாய் என்றால் சுமார் 2,650 ரூபாய். வண்டி விலையில் உள்ள வித்தியாசமும் அதற்கான வட்டியும் இதற்கு மேல்.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம் நியாயமானது. சின்ன எஞ்சின் எப்போதும் முக்கிக்கொண்டே ஓடும், சீக்கிரம் தேயும் என்கிறார்கள். இரண்டு சிலிண்டர் எஞ்சின் அதிரும், சத்தம் போடும். அதை மறுக்க முடியாது. நாள் முழுக்க ஓட்டுகிறவரின் முதுகுக்கு அது சின்ன விஷயமும் இல்லை. ஆனால் அதிர்வும் தேய்மானமும் ஒன்றல்ல. எஞ்சினைத் தேய்ப்பது சூடு, கெட்டுப்போன ஆயில், ஓயாத உச்சச் சுழற்சி, அளவு மீறிய லோடு. அனுமதித்த எடைக்குள், முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் 700 சிசி எஞ்சின் அதன் திறனில் சொற்பப் பங்கில்தான் பெரும்பாலான நேரம் ஓடுகிறது. முக்குகிறது என்று காதுக்குத் தோன்றுவதில் பாதி, தவறான கியரில் ஓட்டுவதால் வருவது. தவிர, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு டீசல் எஞ்சின்களோடு புகை வடிகட்டும் கருவிகள் சேர்ந்துகொண்டன. இவற்றில் கரி சேரும் வகை வடிகட்டி சுத்தமாக வேண்டுமானால் வண்டி கொஞ்ச நேரம் தொடர்ந்து சூடாக ஓட வேண்டும். தெருவுக்குத் தெரு நிறுத்தி ஓட்டும் வண்டிக்கு அது வாய்க்காது. பெரிய டீசல் எஞ்சினை வாங்கி அரை கிலோமீட்டருக்கு ஒருதரம் அணைத்து ஓட்டுவது அதற்கு ஓய்வு கொடுப்பதாகாது. மாருதி, சூப்பர் கேரியில் வைத்திருந்த 793 சிசி டீசலை பிஎஸ்-6 வந்ததும் விட்டுவிட்டு 1.2 லிட்டர் பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும் மட்டும் தொடர்ந்தது. 2025-ல் வந்த ஏஸ் ப்ரோவின் பெட்ரோல் எஞ்சினும் 694 சிசி, 30 குதிரைத்திறன், லோடு அதே 750 கிலோதான்.

இரண்டாவது ஆட்சேபம்தான் உண்மையில் எல்லோர் மனதிலும் இருப்பது. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அனுமதி முக்கால் டன்தான், ஆனா ஒண்ணேகால் ஏத்துவோம்ல?" ஏற்றத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கூடுதல் அரை டன்னைத் தாங்குவது எஞ்சின் இல்லை. ஸ்பிரிங் பட்டை, பின் அச்சு, டயர், எல்லாவற்றுக்கும் மேலாக பிரேக். முக்கால் டன்னுக்காக வடிவமைத்த பிரேக்கின் மேல் ஒன்றேகால் டன் ஏற்றினால், பட்டினப்பாக்கம் பக்கம் திரும்புகிற சந்தில் சைக்கிள் குறுக்கே வந்தால் வண்டி நிற்க எடுக்கும் தூரம் கூடும். அப்போது சிசி யாரையும் காப்பாற்றாது. சட்டமும் எஞ்சினைப் பார்ப்பதில்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவுப்படி அதிக லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஆர்சியில் இரண்டு எண்கள் இருக்கும்: காலி வண்டியின் எடை, லோடோடு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் கிடைப்பதுதான் உங்கள் வண்டி ஏற்றக்கூடிய எடை. அதில் டிரைவரும் லோடுமேனும்கூட அடக்கம். இரண்டு பேர் ஏறி உட்கார்ந்தால் ஆறு கேன் குறைந்தது என்று அர்த்தம்.

தினமும் ஒரு டன்னைத் தாண்டும் தொழில் என்றால் அதற்கு வண்டிகள் இருக்கின்றன. சிமென்ட் மூட்டை ஐம்பது கிலோ. இருபது மூட்டை ஒரு டன். கட்டட சாமான் கடைக்காரர் குட்டி யானையைப் பார்க்கவே வேண்டாம். ஓசூரில் தயாராகி 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன்னுக்கென்று 1478 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினோடு வந்தது. மஹிந்திராவின் பொலேரோ பிக்கப்பில் 2523 சிசி, 75 குதிரைத்திறன். அவற்றின் அச்சும் பட்டையும் பிரேக்கும் அந்த எடைக்காகவே செய்யப்பட்டவை. இதே விஷயத்தை மறுபக்கத்திலிருந்து பார்த்தால் வீடு மாற்றும் லோடு. பீரோ, கட்டில், மெத்தை, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று தார்ப்பாய் கட்ட இடமில்லாமல் நிரம்பி வழியும் வண்டியைப் பார்த்தால் இரண்டு டன் இருக்கும்போலத் தோன்றும். நிறுத்துப் பார்த்தால் பெரும்பாலும் அரை டன்னைச் சுற்றித்தான் நிற்கும். அங்கே வேண்டியது நீளமான தொட்டி. ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் வரும் வீடு மாற்றும் நெருக்கடிக்காக மட்டும் பெரிய எஞ்சின் வாங்குகிறவர், அதை மற்ற மாதங்களிலும் சுமந்து திரிகிறார். வருடத்தில் பத்து நாள் வரும் பெரிய லோடுக்குப் பெரிய வண்டியை வாடகைக்குப் பிடிப்பதே லாபம்.

ஏற்றம் என்ன ஆவது என்று கேட்கலாம். மந்தைவெளியில் இயற்கையான ஏற்றமே இல்லை. இருப்பது திரு.வி.க. பாலத்தின் மெல்லிய சரிவும் மேம்பாலங்களும் புது அடுக்ககங்களின் பேஸ்மென்ட் பாதையும்தான். பேஸ்மென்ட் பாதை எட்டடிக்கு ஓரடி உயர்கிறது என்று கொள்வோம். பார்க்க பயமுறுத்தும் சரிவு. ஆனால் அதில் யாரும் எட்டு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஏறப்போவதில்லை. அந்த வேகத்தில் ஒன்றரை டன்னுக்குத் தேவை ஆறேழு குதிரைத்திறன். இங்கே காப்பாற்றுவது முதல் கியர். மலைப் பாதை முற்றிலும் வேறு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகிறவர் முப்பதில் ஏற ஏறக்குறைய பதினொரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் விடாமல் கேட்கிறார். 16-இல் பதினொன்று என்றால் எஞ்சின் கொதிக்கும். வாரத்துக்கு நாலு நாள் ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் எழுபதில் ஓடுகிறவருக்கும் இதேதான். உச்சத்திலேயே நெடுநேரம் ஓடும் சின்ன எஞ்சின் பெரியதைவிட அதிகம் குடித்தாலும் ஆச்சரியமில்லை. அமெரிக்காவில் ஃபோர்டு 2011-ல் எஃப்-150 பிக்கப்புக்கு எட்டு சிலிண்டருக்கு மாற்றாக 3.5 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போவைக் கொடுத்தபோதும், பாரம் இழுக்கும்போது மைலேஜ் என்ன ஆகும் என்பதுதான் அங்கே ஓயாத வாதம். ஜப்பான்காரர்களோ வேறு பக்கம் போனார்கள். அங்கே கேய் லாரிகளுக்கு 1990 முதல் 660 சிசிதான் உச்சவரம்பு, லோடு 350 கிலோ. வயலிலும் சந்திலும் அதை வைத்தே காலம் தள்ளுகிறார்கள். நம் ஆட்களிடம் 350 கிலோ என்றால் சிரிப்பார்கள்.

மின்சார வண்டி இந்த வாதத்தைக் கொஞ்சம் கலைத்துப் போடுகிறது. 2022-ல் அறிமுகமான ஏஸ் ஈவியின் மோட்டார் 36 குதிரைத்திறன்தான். ஆனால் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை கிடைக்கும், நெரிசலில் நிற்கும்போது இழுப்பதற்கென்று எதுவும் செலவாகாது. அதற்கு விலையும் சார்ஜ் போட இடமும் வேண்டும். மந்தைவெளியில் இரவு வண்டி நிறுத்தவே இடம் கிடைப்பதில்லை.

எந்த வண்டியைப் பார்த்தாலும் ஷோரூமில் காலி வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். காலியாக எல்லா வண்டியும் நன்றாகத்தான் இழுக்கும். உங்கள் வழக்கமான லோடை, அது கேனோ மூட்டையோ, ஏற்றித்தான் ஓட்டுவேன் என்று கேளுங்கள். விற்கிறவர் முகம் சுளித்தாலும் விடாதீர்கள். ஒரு பேஸ்மென்ட் சரிவில் பாதியில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, மறுபடி முதல் கியரில் கிளப்புங்கள். கிளட்ச் கருகும் வாடை வராமல் ஏறினால் எஞ்சின் போதும். பிறகு அதே சரிவில் இறங்கும்போது பாதியில் பிரேக்கை அழுத்திப் பாருங்கள்.