ஒன்றும் போடாத ஜாடிதான் ஹீரோ!

சார்ட்டைப் பார்க்காதீங்க! அது கடைசி நேரத்தில் எழுதியது, ஸ்கெட்ச் பேனா வாசனைகூட இன்னும் போகவில்லை. ஓரத்தில் ஒட்டிய ஜிகினா, தெர்மக்கோலில் வெட்டிய எழுத்து, அம்பத்தூர் ஓ.டி. கடையில் வாங்கிய படத்தாள் எல்லாவற்றையும் தாண்டி அப்படியே மேசைக்குப் பின்னால் வாங்க. அங்கே மண் கறையோடு, மூலை மடங்கி, ஒரு நீள நோட்டு கிடக்கும். அதுதான் பதிவேடு. அறிவியல் கண்காட்சியில் நிஜமான ஆட்டம் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், சினிமா ஷூட்டிங் பார்ப்பதைவிட அதைப் படிப்பது பரபரப்பாக இருக்கும்!

நான் அம்பத்தூரில் பிளஸ் ஒன் படிக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக நாங்கள் செய்த புராஜெக்ட்டின் திரைக்குப் பின்னால்தான் இப்போது உங்களை அழைத்துப் போகிறேன். இந்த மாநாடு 1993 முதல் நாடு முழுக்க நடக்கிறது. 10 முதல் 17 வயது வரை உள்ள யாரும் கலந்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் இதைப் பல ஆண்டுகளாக ஒருங்கிணைத்து வருவது, 'துளிர்' மாத இதழை நடத்துகிற தமிழ்நாடு அறிவியல் இயக்கம். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி ஒன்று உண்டு. உங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, நீங்களே களத்தில் இறங்கி, நீங்களே அளந்து, அதைத் தமிழிலேயே சொல்லலாம். எங்கிருந்தோ வாங்கி வந்த எரிமலை மாடலுக்கு இங்கே வேலையே இல்லை!

எங்கள் ஊர்ப்பக்கம் பிரச்சினைக்கா பஞ்சம்? அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடிப் பக்கம் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லி தாண்டினால் கடல் மாதிரி செம்பரம்பாக்கம். "ஏரி மாசு" என்று முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டாயிற்று. மிஸ் வந்து பார்த்தார். நல்லது என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. "எதை அளப்பீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அந்த ஒரு கேள்வி செய்த வேலை இருக்கிறதே! மாசு என்றால் நாற்றமா, நிறமா, நுரையா, செத்த மீனா? ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தோம். பதிவேட்டின் இரண்டாம் பக்கம் முழுக்க அடித்தல்கள்தான், பார்க்கவே அவ்வளவு அழகு. கடைசியில் மிஞ்சியது கலங்கல். அதை அளக்கலாம். அளந்து? அப்போதுதான் திருமுல்லைவாயலிலிருந்து வரும் தோழி, "எங்க ஆயா கலங்கத் தண்ணியில தேத்தாங்கொட்டை உரசுவாங்க, தெளிஞ்சிடும்" என்றாள். இன்னொருத்தி படிகாரம் என்றாள். மற்றொருவன் முருங்கை விதை என்றான், எங்கேயோ படித்தானாம். கேள்வி பிறந்துவிட்டது: இந்த மூன்றில் எது கலங்கல் நீரை நன்றாகத் தெளியவைக்கும்? "ஏரி மாசு" என்ற மலையிலிருந்து உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கேள்வி வரை இறங்கி வந்தோமே, சிந்திக்கிற திறன் என்று பெரியவர்கள் சொல்வதன் முதல் ருசி எனக்கு அங்கேதான் கிடைத்தது.

தெளிவதற்குக் காரணமும் சுவாரஸ்யமானது. நீரில் மிதக்கிற நுண்ணிய களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் உடையவை. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் சேர்ந்து கனத்து அடியில் இறங்க மாட்டேன் என்கின்றன. படிகாரத்தில் இருந்து வரும் அலுமினிய அயனிகளும், முருங்கை விதையில் உள்ள ஒரு புரதமும் நேர்மின்னூட்டம் உடையவை. அவை அந்தத் தள்ளலை அடக்கிவிட, துகள்கள் திரண்டு கீழே உட்காருகின்றன. செம்பரம்பாக்கத்தில் ஒரு நாளைக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் திறனுள்ள நிலையம் இருக்கிறது. கலங்கலைத் திரளவைத்து அடியில் இறக்குகிற இந்த வேலை அப்படிப்பட்ட நிலையங்களில் முதல் கட்டங்களில் ஒன்று. ஆயாவின் பானையும் அவ்வளவு பெரிய தொட்டியும் அண்ணன் தம்பி முறை என்று தெரிந்ததும் வகுப்பே துள்ளியது!

சரி, அளப்பது எப்படி? லேபில் இருந்த உயரமான கண்ணாடி அளவு ஜாடியை எடுத்துக்கொண்டோம். வெள்ளைத் தாளில் கறுப்பாக ஒரு பெருக்கல் குறி போட்டு அடியில் வைத்தோம். மேலிருந்து பார்த்துக்கொண்டே, ஏரிக்கரை மண் கரைத்த நீரை ஊற்ற வேண்டும். குறி மறைந்ததும் நிறுத்தி, நீரின் உயரத்தைக் குறிக்க வேண்டும். அதிக உயரம் வரை குறி தெரிந்தால் நீர் அதிகத் தெளிவு. இதன் முன்னோடி ரொம்பப் பழையது. 1865-ல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் போப்பின் கப்பலிலிருந்து மத்திய தரைக்கடலில் ஒரு வெள்ளைத் தட்டை இறக்கி, அது எவ்வளவு ஆழத்தில் மறைகிறது என்று பார்த்தார். அவருக்குக் கடல், எங்களுக்கு ஜாடி.

இப்போது சண்டைக் காட்சி! ஒருத்தி "மறைஞ்சிடுச்சு" என்கிறாள். பக்கத்தில் இருப்பவன், "எங்கடீ மறைஞ்சிது, எனக்குப் பளிச்சுனு தெரியுதே" என்கிறான். இன்னும் நாலு விரல் உயரம் ஊற்றிய பிறகும் அவனுக்குத் தெரிகிறது. கண்ணாடி போட்டவர்களுக்கு ஒரு அளவு, போடாதவர்களுக்கு ஒரு அளவு. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றால் மூன்றாவது அளவு. யார் சொல்வது சரி? மிஸ்ஸைப் பார்த்தோம். மிஸ் சிரித்துக்கொண்டே நோட்டுத் திருத்துகிறார். வாயே திறக்கவில்லை!

பதில் வகுப்புக்கு வெளியிலிருந்து வந்தது. என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். 1964-ல் தொடங்கிய எஸ்டேட் அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுதொழிற்கூடங்கள், எந்தத் தெருவில் நுழைந்தாலும் இரும்புத் தூளும் கூலன்ட் வாசனையும். அப்பாவிடம் சண்டையைச் சொன்னேன். "யார் அளந்தாலும் ஒரே அளவு வரணும்மா. வரலைன்னா ஆளை மாத்தாதே, அளக்கிற முறையை மாத்து" என்றார். வெர்னியரை எடுத்ததும் முதலில் வாயை மூடிப் பூஜ்ஜியம் பார்ப்பார்களாம். ஒரே பீஸை இரண்டு பேர் தனித்தனியாக அளந்து, ஒருவர் எழுதியதை மற்றவருக்குக் காட்டாமல் ஒப்பிடுவார்களாம். பாடப்புத்தகத்தில் 'சுழிப் பிழை' என்று மனப்பாடம் செய்தது, எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே இத்தனை வருடம் உட்கார்ந்திருந்திருக்கிறது! எஸ்டேட்டிலும் ஆவடி டாங்க் ஃபேக்டரியிலும் வேலை செய்கிற அப்பா அம்மாக்களை வகுப்புக்கு அழைத்துப் பேசவைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் விதிகள் எழுதினோம். எப்போதும் ஒரே ஜன்னல், ஒரே நேரம். மூன்று பேர் பார்க்க வேண்டும், தனித்தனியாகக் குறிக்க வேண்டும், பிறகு சராசரி. முக்கியமாக, பார்ப்பவருக்கு எந்த ஜாடியில் என்ன போட்டிருக்கிறது என்று தெரியவே கூடாது. தேத்தாங்கொட்டைக் கட்சிக்காரிக்கு அது தேத்தாங்கொட்டை ஜாடி என்று தெரிந்தால் கண் தானாகவே அந்தப் பக்கம் சாயும் அல்லவா? ஜாடிகளுக்கு எண் ஒட்டி, எண்ணின் ரகசியத்தை மிஸ் மட்டும் வைத்துக்கொண்டார். புது மருந்துகளைச் சோதிக்கும் மருத்துவ ஆய்வுகளிலும் இப்படித்தான் மறைத்து வைப்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டபோது எங்களுக்கு வந்த பெருமையை எந்த ஜாடியாலும் அளக்க முடியாது.

இனி ஹீரோவின் அறிமுகக் காட்சி. படிகாரம், முருங்கை, தேத்தாங்கொட்டை என்று மூன்று ஜாடிகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் தெளிந்துகொண்டு வருகின்றன, எல்லோருக்கும் கொண்டாட்டம். அப்போது கொரட்டூர்க்காரி, எப்போதும் கடைசி பெஞ்சில் அமைதியாக இருப்பவள், கேட்டாள்: "ஒண்ணுமே போடலைன்னாலும் மண்ணு கீழ உட்காரும்ல?"

ஐயோ! வகுப்பில் ஒரு நொடி சத்தமே இல்லை. உடனே நான்காவது ஜாடி வந்தது. அதே மண் நீர், அதே அளவு, அதே நேரம், உள்ளே ஒன்றும் போடவில்லை. அவள் சொன்னது சரி. அதுவும் தெளிந்தது, மெதுவாக. அதற்குப் பிறகு எங்கள் கேள்வியே மாறிவிட்டது. 'தெளிகிறதா?' என்று கேட்பதை விட்டோம், 'சும்மா வைத்ததைவிட எவ்வளவு சீக்கிரம் தெளிகிறது?' என்று கேட்க ஆரம்பித்தோம். பாடத்தில் இதற்குக் கட்டுப்பாட்டுச் சோதனை என்று பெயர். எனக்கு அது எப்போதும் ஒன்றும் போடாத ஜாடிதான். இன்றைக்கும் விளம்பரத்தில் "முப்பதே நாளில் முடி வளரும்" என்று வந்தால் என் மனசு முதலில் கேட்பது, ஒன்றும் போடாத தலை எங்கே என்றுதான்!

இதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரிசுக்குரிய புராஜெக்ட்தான். ஆனால் எங்கள் குழுவில் பூந்தமல்லியிலிருந்து வருபவள் ஒருத்தி உண்டு. அவள் பஸ் ஏறுகிற வழியில் பார்வைத்திறன் குறைந்தோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது, 1931-ல் தொடங்கியது. ஒருநாள் ஜாடியைக் குனிந்து பார்த்துக்கொண்டே, "அங்க படிக்கிறவங்க இதை எப்படி அளப்பாங்க?" என்றாள். அவ்வளவுதான், மொத்த வேலையும் புதிதாகத் தொடங்கியது!

கண்ணுக்குப் பதில் காது. எங்கள் வகுப்பு எலெக்ட்ரானிக்ஸ் பைத்தியம் ஒருவன் உடனே எல்.டி.ஆர். என்றான். வெளிச்சம் பட்டால் மின்தடை குறைகிற சின்ன வில்லை. அதை 555 என்ற டைமர் ஐ.சி.யோடு இணைத்தால் வெளிச்சம் கூடக் கூட ஸ்பீக்கரில் சத்தம் கீச்சென்று ஏறும், குறையக் குறைய இறங்கும். 1971-ல் ஹான்ஸ் கமென்சிண்ட் வடிவமைத்த அந்த எட்டுக்கால் பூச்சி இன்னும் ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. ஜாடியைச் சுற்றிக் கறுப்புத் தாள், ஒரு பக்கம் டார்ச், எதிர்ப்பக்கம் எல்.டி.ஆர். தெளிந்த நீர் வைத்தால் கீச்! மண் நீர் வைத்தால் முனகல்! போனில் சுருதி பார்க்கும் ட்யூனர் ஆப்பைத் திறந்தால் ஹெர்ட்ஸில் எண்ணே வந்துவிடுகிறது. கண் சண்டைகள் எல்லாம் அன்றோடு முடிந்தன. பாட்டு கிளாஸ் போகிற தோழி ஆப் இல்லாமலே எந்த ஜாடி என்று சொல்லத் தொடங்கினாள்.

மாவட்ட மாநாட்டில் நடுவர் எல்லாவற்றையும் கேட்டார். பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார், அடித்தல்களை நிறுத்தி நிதானமாகப் படித்தார். பிறகு கையில் இருந்த டீயைக் காட்டி, "இதுல பால் இல்லை. இதை உள்ள வெச்சா உங்க மெஷின் என்ன சொல்லும்?" என்றார்.

முனகும்! கட்டன் டீ கலங்கல் இல்லாத தெளிந்த திரவம், ஆனால் நிறத்தால் வெளிச்சத்தைக் குடித்துவிடும். எங்கள் கருவி கலங்கலையும் நிறத்தையும் பிரித்துப் பார்க்கவில்லை. திரும்பி வருகிற மின்சார ரயிலில் கொரட்டூர் வரும்வரை அதே பேச்சு. பட்டரவாக்கம் தாண்டும்போதுதான் ஒருவன் கத்தினான்: "டிண்டால் விளைவு!" இரண்டு மார்க் கேள்வியாக எத்தனை முறை எழுதியிருப்போம்! கலங்கல் நீர் ஒளியைப் பக்கவாட்டில் சிதறடிக்கும், டீ சிதறடிக்காது. எல்.டி.ஆரை எதிரில் வைக்காமல் பக்கத்தில், 90 டிகிரியில் வைத்தால்?

திங்கட்கிழமை காலை பிரேயர் மணிக்கு முன்பே லேபில் கூடிவிட்டோம். தெளிந்த நீர்: முனகல். டீ: முனகல். பிறகு தெளிந்த நீரில் ஒரே ஒரு சொட்டுப் பால் விட்டோம். கீச்ச்ச்! லேப் முழுக்க ஒரே கூச்சல், பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். குடிநீர் வாரியங்கள் கலங்கலை அளக்கப் பயன்படுத்தும் கருவிகளும் இந்தப் பக்கவாட்டு ஒளியைத்தான் அளக்கின்றன. கலங்கலை அளக்கும் அலகின் பெயர் என்.டி.யு. குடிநீருக்கான இந்தியத் தர அளவு 1 என்.டி.யு.; வேறு நீர் கிடைக்காத இடத்தில் 5 வரை அனுமதி. எங்கள் கீச்சொலியை அந்த அலகோடு பொருத்துவது எப்படி என்று பதிவேட்டில் தனியாக நாலு பக்கம் ஓடுகிறது.

எங்களுக்கு ஒன்பதாம் வகுப்பில் வாய்த்தது இன்னும் சின்னவர்களுக்கே வாய்க்கிறது. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் என்ற பள்ளித் திட்டம் வழியாக இப்போது 13,210 அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையாலேயே சோதனை செய்து பார்க்கிறார்கள். அவர்களை நினைத்தால் எனக்குச் சந்தோஷமான பொறாமை. எவ்வளவு சின்ன வயதிலேயே ஆரம்பிக்கிறார்கள்!

எங்கள் நோட்டில் இன்னும் இடம் இருக்கிறது. கடைசியாக எழுதிய பக்கத்தில் பூந்தமல்லித் தோழியின் கையெழுத்து. பார்வைத்திறன் குறைந்தோருக்கான அந்தப் பள்ளி மாணவர்களிடம் கருவியைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கான அனுமதிக் கடிதத்தின் நகல் முதலில். அதன் கீழே அவர்களிடம் கேட்க வேண்டியவை: கீச்சொலி காதுக்கு எரிச்சலாக இருக்கிறதா, ஒலியைவிடக் கையில் அதிர்வு தெரிந்தால் வசதியா, ஜாடியின் அளவுக் கோடுகளை விரலால் தடவிப் படிக்க எவ்வளவு மேடாக இருக்க வேண்டும், நாங்கள் கேட்க மறந்தது என்ன?